கூட வந்தவன்

நாற்பது மணி நேரம்
என் வலது கன்னத்தை மட்டும் பார்த்திருந்தாய்.
ஸ்டியரிங் இடப்பக்கம். நான் ஓட்டுவேன்.
நீ ருஜ்ஜேரோவாக அருகில் உட்கார்ந்து
ஜன்னல் வழியே சுடுவாய்.
"பின்னால் ஒரு வண்டி" என்பேன்.
"பாலத்துக்கு முன்னே திரும்பவா?" என்பேன்.
பதினெட்டு வசனங்கள், சுற்றிச் சுற்றி.
ஒத்து ஊதுகிறவனுக்கு ஒரு சுருதி போதும்,
ராகம் உன்னுடையது.

இப்போது காமிரா என் முதுகுக்கு வந்துவிட்டது.
எனக்கு உச்சியில் வழுக்கை என்பதே
இன்றுதான் உனக்குத் தெரிகிறது.
கூடுதல் அத்தியாயம், ஆறு மணி நேர ஆட்டம்,
ஒரு பீட்சாவும் ஒரு பீரும் வாங்கும் விலை.
மெனுவில் என் முழுப் பெயர்: ஸோர்கோ பெர்தோத்.
பழைய ஆட்டத்தில் மூன்றாம் பணி வரை
வசனத்தின் மேல் "ஓட்டுநர்" என்றுதான் போட்டிருந்தார்கள்.

த்ரியெஸ்தே, எழுபத்திரண்டு, பிப்ரவரி.
போரா காற்று மலையிலிருந்து இறங்கி
ஆட்களைப் பிடரியில் தள்ளிக்கொண்டு போகிறது.
தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்து நடக்கிறேன்.
ஓடும் பொத்தானை அழுத்துகிறாய்.
நொண்டுகிறேன்.
மறுபடி அழுத்துகிறாய்.
ஏழாம் பணி, சுங்கக் கிடங்கு, காப்பி மூட்டைகள்,
மறைவிலிருந்து தாமதமாக எழுந்தாயே.
அந்தத் தோட்டா
உன் பழைய சேமிப்புக் கோப்பிலிருந்து
என் முழங்காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அப்போது எனக்குச் சாவு கிடையாது.
நீயே விளையாட்டாகச் சுட்டபோதும்
"ஏய், பார்த்து" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.
இப்போது முதல் அரை மணியில் ஒன்பது முறை செத்தேன்.
ஒருமுறை டிராம் மோதி. அதற்கு நீ சிரித்தாய்.

ருஜ்ஜேரோவின் மனைவி நேவியா
கறுப்புக் கையுறையைக் கழற்றாமலே
சர்க்கரையைக் கலக்கிக்கொண்டு கேட்டாள்:
"படகு வரும் நேரத்தை யார் சொன்னது?"
பதில் சொல்லத் திரையில் மூன்று வழிகள்.
மூன்றும் பொய்.
எதைத் தேர்ந்தாலும்
ஆட்டம் முந்தைய இரவுக்குத்தான் போகும்.

துறைமுகத்தில் தொலைபேசிக் கூண்டு.
என் கையில் ஒரு டோக்கன்,
ஒரு பக்கம் இரண்டு பள்ளக்கோடு, மறுபக்கம் ஒன்று.
"சதுரத்தை அழுத்தவும்" என்றது திரை.
திரும்பி நடக்கப் பார்த்தாய், காற்று விடவில்லை.
துப்பாக்கியைத் தேடினாய், அது ருஜ்ஜேரோவிடம்.
பிறகு கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டு
எழுந்து போனாய்.
குழாயில் தண்ணீர் ஓடியது.
யாரிடமோ "இல்லை, தூங்கவில்லை" என்றாய்.

இருபது நிமிடம்.
சும்மா நிற்கையில் செய்ய
எனக்கு மூன்று அசைவுகள் கொடுத்திருந்தார்கள்:
கையில் ஊதுவது, காலரைத் தூக்கிவிடுவது,
டோக்கனைப் புரட்டுவது.
ஊதினேன். தூக்கிவிட்டேன். புரட்டினேன்.
காரணங்களும் கொடுத்திருந்தார்கள்:
எல்லைக்கு அப்பால் சிறையில் தம்பி மில்கோ,
கப்பல் தரகன் தந்த கடன்.
இரண்டும் நிஜம்தான்.
ஆனால் ஒரு ராத்திரி
எஞ்சினை அணைக்கச் சொல்லாமல் என்னை மழையில் விட்டுவிட்டு
சீட்டாடப் போனாயே, விடிந்தபின் வந்தாயே,
அதை அவர்கள் எழுதவில்லை.

நீ வந்தாய். உட்கார்ந்தாய்.
கொஞ்ச நேரம் என்னோடு டோக்கனைப் பார்த்தாய்.
அழுத்தினாய்.
நாற்பது மணி நேரம் நீயாக இருந்தவனை
நானாக இருந்து காட்டிக்கொடுத்தாய்.
கோப்பை ஒன்று திரையின் ஓரத்தில் மின்னியது,
வெண்கலம்.

இனி மலைச்சாலை. நான் ஓட்டுகிறேன்,
அதில் மாற்றமில்லை.
மூலையில் பழைய குறிப்பு ஒன்று,
நீக்க மறந்திருக்கிறார்கள்:
"அருகில் இருப்பவரிடம் பேச, முக்கோணம்."
அருகில் யாருமில்லை.
சீட்டில் தோட்டா துளைத்த ஓட்டை மட்டும்.
அழுத்துகிறாய்.
வலப்பக்கம் திரும்பி
"பாலத்துக்கு முன்னே திரும்பவா?" என்கிறேன்.

பாலம் போய்விட்டது.
மறுபடி அழுத்துகிறாய்.